வார்டைக் காலி செய்யச் சொன்ன நல்லசிவம்

போன மாதம் காலமான என் அப்பா நல்லசிவம், டெல்லியில் அரசு ஊழியர்களுக்குக் குவார்ட்டர்ஸ் ஒதுக்கும் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கோல் மார்க்கெட் பக்கம் எந்த வீட்டில் திருட்டு மின்சாரம் இழுக்கிறார்கள் என்பது அவருக்கு அத்துப்படி.

சில வருடங்களுக்கு முன் நிமோனியா வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மறுநாளே அவருக்கு வார்டு முழுக்கக் குவார்ட்டர்ஸ் ஆகிவிட்டது. பக்கத்துக் கட்டிலில் கால் முறிந்து கிடந்த குல்வந்த் சிங்கை, ரிட்டயர் ஆன பிறகும் ஏன் காலி செய்யவில்லை என்று ஹிந்தியில் அதட்டினார்.

"மகள் கல்யாணம் முடியட்டும் சாப்," என்று அவரும் கை கூப்பினார். அப்பா தீபாவளி வரை அவகாசம் கொடுத்தார்.

அதுவரை சிரித்துக்கொண்டிருந்தோம். பிறகு கையில் ஏறிய டிரிப்ஸ் குழாயை, அனுமதி இல்லாத கனெக்‌ஷன் என்று பிடுங்கி எறிந்தார். வேறு இடத்தில் குத்த, அதையும் பிடுங்கினார். இன்னொரு தடவை பிடுங்கினால் கையைக் கட்டிலோடு கட்ட வேண்டிவரும் என்று நர்ஸ் ப்ரீதா துணிப்பட்டையைக் கொண்டுவந்து வைத்தாள். அதைப் பார்த்ததிலிருந்து அம்மா சாப்பிடவில்லை.

வயதானவர்களுக்குக் கிருமித் தொற்றில் இப்படித் திடீர்க் குழப்பம் வரும், இது பைத்தியம் அல்ல, தெளிந்துவிடும் என்றார் டாக்டர். இவர் கண்ணாடி போடுவாரா, காது கேட்குமா என்றும் விசாரித்தார்.

அம்மா என்னிடம் கிசுகிசுத்தாள். "கண்ணாடி, காது மெஷின் ரெண்டும் வீட்டு பீரோல பத்திரமா இருக்குட்டி. இங்க வச்சா எவனாவது எடுத்துட்டுப் போயிருவான்லா."

நான் அதை டாக்டரிடம் சொன்னேன். சரியாகப் பார்க்கவும் கேட்கவும் முடியாதவருக்குக் குழப்பம் கூடத்தான் செய்யும் என்றார் டாக்டர். பகலில் திரையைத் திறந்து வையுங்கள், இரவில் தூங்க விடுங்கள், வாதாடாமல் எங்கே இருக்கிறார் என்று அமைதியாகச் சொல்லிக்கொண்டே இருங்கள் என்றார். நான் மெட்ரோ பிடித்து ஜனக்புரி வீட்டுக்கு ஓடினேன்.

காலையில் கண்ணாடியையும் காது மெஷினையும் மாட்டிவிட்டுச் சொன்னேன். "அப்பா, இது ஆஸ்பத்திரி. உங்களுக்கு நிமோனியா. இந்தக் குழாய்ல மருந்து போகுது."

"ஏம்ட்டி கத்துத? கேக்குல்லா," என்றார். பிறகு அம்மாவைப் பார்த்து, "நீ என்ன, தலைகூடச் சீவாம வந்திருக்க?"

"நீங்க ஊரையே காலி பண்ணிட்டிருந்தீய. எனக்கு எங்க நேரம்?"

முழுசாகத் தெளியவில்லை. குல்வந்த் சிங் தண்ணீர் வரி கட்டினாரா என்று மத்தியானம் கேட்டார். நானும் ஆஸ்பத்திரி, நிமோனியா என்று மறுபடி ஆரம்பித்தேன். ஒருமுறை கை குழாய்ப் பக்கம் போனது. அம்மா அதைப் பிடித்துக்கொண்டாள். அவர் குழாயைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், விட்டுவிட்டார்.

சாயங்காலம் ப்ரீதா துணிப்பட்டையை எடுத்துக்கொண்டு போனாள். அம்மா டிபன் டப்பாவைத் திறந்து, நின்றபடியே தயிர்சாதம் சாப்பிட்டாள்.