பின்னேரக் குளிசை

நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில், மறதி நோய்க்காரர் இருக்கும் மாடிக்கு ஒரே ஒரு கதவுதான். அதன் உட்புறம் முழுக்க ஒரு புத்தக அலுமாரியின் படத்தை ஒட்டியிருக்கிறார்கள். தடித்த புத்தகங்கள், இடையில் ஒரு பூச்சாடி, மேல்தட்டில் படுத்திருக்கும் பூனை. கைபிடியும் புத்தகங்களோடு புத்தகமாக மறைந்துவிடும். வெளியே போகவென்று வருகிறவர்கள் அலுமாரியைக் கண்டதும் கதவைத் தேடி வேறு பக்கம் திரும்பிவிடுவார்கள். சுவிஸுக்கு வந்து இத்தனை வருடமாகியும், வேலை முடிந்து ஒரு அலுமாரியைத் திறந்துகொண்டு வீட்டுக்குப் போவது எனக்கு இன்னும் பழகவில்லை.

பிராவ் கெல்லர் என்ற கிழவி பின்னேரமானால் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அந்தப் படத்தின் முன்னால் வந்து நிற்பார். "நாஹ் ஹவுஸ" என்பார். வீட்டுக்குப் போகவேண்டும் என்று அர்த்தம். நான் அவருடைய கையைப் பிடித்து நடைபாதையின் அந்தம்வரை போய்த் திரும்பி வருவேன். சில நாளில் நுள்ளுவார், துப்புவார். முதலில் அவருக்கு மனநோய்க்காரருக்குக் கொடுக்கும் குளிசை ஒன்று கொடுத்தார்கள். பிறகு டாக்குத்தர் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்திவிட்டார். அது மறதியை மாற்றாது, ஆளை அடக்கும், அவ்வளவுதான். வயதானவர்கள் அதனால் தடுக்கி விழுவார்கள், பக்கவாதமும் வரலாம், ஆகவே நடக்க விடுங்கள் என்றார். நடக்க விடுவதற்கு நாங்கள் இருந்தோம். நான் களைத்தால் எனக்குப் பதிலாக இன்னொருத்தி வருவாள்.

இதெல்லாம் தெரிந்தவன் என்ற மிதப்பில்தான் ஊரில், கல்லடியில் இருக்கும் என் தங்கை வசந்திக்குத் தொலைபேசியில் வகுப்பெடுத்தேன். அம்மா இறந்தபிறகு அப்பாவைப் பார்த்துக்கொள்பவள் அவள். புருசன் கட்டாரில். அப்பாவுக்கு மறதி தொடங்கிச் சில வருடங்கள். பகலில் பிரச்சினை இல்லை. வெயில் தாழ்ந்ததும் முகம் கழுவி, வெள்ளைச் சேட்டைப் போட்டு, குடையை எடுத்துக்கொண்டு, "சரி புள்ள, நேரமாகுது. நான் வீட்ட போயிட்டு வாறன்" என்று மரியாதையாக விடைபெறுவார். கேற் பூட்டியிருந்தால் அந்த மரியாதை போய்விடும். குடையால் அடித்திருக்கிறார். ஒருநாள் வாவிக்கரையில் முழங்கால் தண்ணீரில் நின்றவரை வலை வீசப் போனவர்கள் கூட்டி வந்தார்கள். அதற்குப் பிறகு கிளினிக்கில் பின்னேரம் அதே மாதிரி ஒரு குளிசை கொடுக்கச் சொன்னார்கள்.

தொலைபேசித் திரையில் நான் பார்த்த அப்பாவின் தலை கவிழ்ந்து நாடி நெஞ்சில் கிடந்தது. வாயோரம் எச்சில். "அப்பா" என்றேன். கண்ணைத் திறந்து மூடினார்.

"இஞ்ச இந்தக் குளிசைய நிப்பாட்டத்தான் சொல்லுவாங்க" என்றேன்.

"தலையிடியும் காய்ச்சலும் தனக்கு வந்தாத்தான் தெரியும் அண்ணே" என்றாள் வசந்தி. பிறகு குரலைத் தாழ்த்தி, "குளிசை குடுத்த முதல் நாள்தான் நான் தலைக்குக் குளிச்சி, இருந்து சோறு திண்டன். சந்தோசமா இருந்த. அதச் சொல்ல வெக்கமா இரிக்கு" என்றாள்.

அடுத்த நாளே லீவு கேட்டேன். லீவு கேட்டபோது கூட வேலை செய்யும் மோனிகா, அப்பா எங்கே இருக்கிறார் என்று விசாரித்தாள். தங்கையின் வீட்டில் என்றேன். அவருடைய வீடு என்னவாயிற்று? அதுதான் தங்கையின் வீடு, கலியாணத்தோடு அவளுக்குப் போய்விட்டது என்றேன். மோனிகா என் கையைப் பிடித்து, நல்ல வக்கீலாகப் பார் என்று ஆறுதல் சொன்னாள்.

அவளுக்கு விளங்கப்படுத்த என் ஜெர்மன் போதாது. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். அப்பா களுதாவளையில் பிறந்தார். அந்த வீடு அவருடைய தங்கைக்குப் போனது. அவர் கலியாணம் கட்டிக் கல்லடிக்கு அம்மாவின் வீட்டுக்கு வந்தார். உன்னிச்சைப் பக்கம் வட்டைக்குள் வயல் செய்து, அந்த வருமானத்தில் வீட்டுக்கு அறை கூட்டி, ஓடு மாற்றினார். வசந்திக்குக் கலியாணமானதும் அது அவள் பெயருக்கு எழுதப்பட்டது. யாரும் எதையும் பிடுங்கவில்லை. அப்பா பெருமையோடு எழுதிக் கொடுத்தார். ஆனால் வீட்ட போகவேண்டும் என்று அவர் நிற்கும்போது எந்த வீடு என்று யாருக்கும் தெரியவில்லை. என் கதையும் அதுதான். மனைவியின் சீதன வீடு ஆரையம்பதியில் பூட்டிக் கிடக்கிறது, சுவிஸில் வாடகைக்கு இருக்கிறோம்.

கல்லடிக்குப் போனதும் கிளினிக் டாக்குத்தரிடம் பேசினேன். நல்ல மனிதர். ஆள் பக்கத்தில் இருந்தால் குறைத்துப் பார்க்கலாம் என்றார். முதலில் பாதியாக்கினோம், பிறகு நிறுத்தினோம். அப்பா மெல்ல மெல்ல நிமிர்ந்தார். வெற்றிலை கேட்டார். உன்னிச்சைக் குளத்தில் தண்ணீர் திறந்தாயிற்றா என்று கேட்டார். என்னை ஒரு தடவை பெயர் சொல்லிக் கூப்பிட்டார். சந்தோசப்படவேண்டும் என்று எனக்குத் தெரிந்தது. ஆனால் ஊசி போட்டு விறைத்த பல்லை நாக்கால் தடவிப் பார்ப்பதுபோல, அந்தச் சந்தோசம் என்னுடையதாக இல்லை.

பின்னேரம் அவர் குடையை எடுத்தார். நான் கேற்றைத் திறந்து கூடவே நடந்தேன். இப்படிப் பல நாள். ஒருநாள் பிறந்த வீட்டைக் கண்டால் மனம் ஆறுமென்று ஓட்டோவில் களுதாவளைக்குக் கூட்டிப் போனேன். அங்கே இப்போது அப்பாவின் தங்கையின் மகள், என் மச்சாள், இருக்கிறாள். "வாங்க மாமா" என்று கதிரை போட்டு, வட்டா நிறைய வெற்றிலை பாக்கு வைத்துக் கொடுத்தாள். அப்பா சந்தோசமாகச் சப்பினார். பிள்ளையார் கோயில் மணி கேட்டபோது கும்பிட்டார். பிறகு வெளியே பார்த்துவிட்டு எழும்பி, என் தோளைத் தட்டினார்.

"எழும்பு மனே. நாம வந்தாக்கள். வீட்டுக்காரர் விளக்கு வெக்கிற நேரம். வீட்ட போவம்."

மச்சாள் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். நான் ஓட்டோவைக் கூப்பிட்டேன்.

இல்லத்தில் படித்த வைத்தியத்தை நான் சரியாகத்தான் செய்தேன். லீவு முடிய ஒரு கிழமைக்கு முன்னால், நான் மருந்துக் கடைக்குப் போயிருந்த நேரம் அப்பா புறப்பட்டார். வசந்தி கேற்றில் குறுக்கே நின்றாள். அவர் தள்ளியதில் அவள் கொங்கிறீற்றில் விழுந்து கை முறிந்தது. நான் வந்தபோது அப்பா அவளுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து, "ஆரு புள்ள உன்னத் தள்ளின?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

மாக்கட்டுப் போட்ட கையோடு ஆஸ்பத்திரி வாங்கில் குந்தியிருந்து வசந்தி கேட்டாள். "நீ போனா மறுகா ஆரு அண்ணே அவரோட நடக்கிற?"

அவள் கோபத்தில் கேட்கவில்லை. பதில் தெரிந்துதான் கேட்டாள். ஆள் வைத்துப் பார்க்கலாம் என்றேன். வைத்த ஒருத்தியும் ஒரு மாதம் நிற்கவில்லை என்று அவள் முன்பே சொன்னவள்தான். குளிசை கெட்டது என்று அவளுக்கும் தெரியும். நடப்பதற்கு ஆளில்லாத வீட்டில் அந்தக் குளிசைதான் ஆள். டாக்குத்தரிடம் போனோம். முன்னையதைவிடக் குறைந்த அளவில் மறுபடி எழுதிக் கொடுத்தார். அதில் அப்பா முழுதாக உறங்கமாட்டார், முழுதாக எழும்பவும் மாட்டார்.

நான் புறப்பட்ட நாள் குளிசையை நானே கொடுத்தேன். வசந்தியின் கையால் மட்டும் அது போகக்கூடாது என்று தோன்றியது. அப்பா கையை நீட்டி வாங்கி, தண்ணீர் குடித்து, "நல்லா இரி மனே" என்றார். அதற்கும் எனக்கு அழுகை வரவில்லை. குளித்து, வெள்ளைச் சேட்டைப் போட்டு, சப்பாத்தை மாட்டினேன். கொழும்புக்குப் போகும் வான் கேற்றடியில் வந்து நின்றபோது வெயில் தாழ்ந்திருந்தது. அப்பாவின் நேரம் அது.

கதிரையில் இருந்த அப்பா என் சேட்டையும் சப்பாத்தையும் பையையும் பார்த்தார். எழும்ப உன்னினார். குளிசை வேலை செய்யத் தொடங்கியிருந்தது, கால் வரவில்லை.

"தம்பி வீட்டயா போறீங்க?" என்று வேற்றாளிடம் கேட்பதுபோல மரியாதையாகக் கேட்டார். "போற வழியில என்னையும் இறக்கி விடுங்களன்."

"ஓம்" என்றேன். இல்லத்தில் அப்படித்தான் சொல்லப் பழகியிருக்கிறோம். எந்த வீடு என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவரும் என்னிடம் அதைத்தான் கேட்டிருப்பார். வசந்தி ஒற்றைக் கையால் கேற்றைச் சாத்திப் பூட்டினாள்.

வான் பாலத்தில் ஏறியது. பையைப் பக்கத்துச் சீற்றில் வையுங்கள், அது சும்மாதானே கிடக்கிறது என்றார் சாரதி. நான் கொழும்பு வரைக்கும் அதை மடியிலேயே வைத்திருந்தேன்.