அலகு கோணிய குஞ்சு

சிதம்பரத்தில் இருக்கும் அக்கா கொடுத்த பத்து நாட்டுக்கோழி முட்டைகளை, செம்மண்டலத்தில் எங்கள் வீட்டுப் பின்பக்கம் அடைவைத்தேன். ஒன்பது பொரிந்தன. ஒரு குஞ்சுக்கு மட்டும் மேலலகு லேசாக இடப்பக்கம் சாய்ந்திருந்தது. முதலில் அதுகூட ஓர் அழகாகத்தான் தெரிந்தது.

வளர வளர அலகு கத்தரிக்கோல் மாதிரி விலகிவிட்டது. கொத்தும்; வாய்க்குள் எதுவும் போகாது. ஆழமான கிண்ணத்தில் தீவனத்தைக் கூழாகக் கரைத்து வைத்தேன். சில வாரம் அள்ளித் தின்றது. பிறகு அதுவும் முடியவில்லை. காலையும் மாலையும் மடியில் வைத்து சிரிஞ்சில் ஊட்டினேன். அப்படியும் நெஞ்செலும்பு துருத்திக்கொண்டு வந்தது.

சிப்காட்டில் ஷிப்டு முடிந்து வந்த என் கணவர் ஒருநாள், "அதைப் பார்த்தா எனக்கு சோறே எறங்கல. டாக்டர்கிட்ட காட்டிடேன்" என்றார்.

கால்நடை ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா தொட்டுப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"மத்ததுங்களோட சேருதா?"

"இல்ல மேடம். கொத்தி வெரட்டுதுங்க."

"தானா தண்ணி குடிக்குதா?"

"இல்ல."

"அப்ப நீங்க ஊட்டுற நேரம் தவிர நாள் பூரா பசியிலதான் கெடக்குது. அலகை வெட்டி வுட்டாலும் நேராவாது. இன்னும் ஜாஸ்தி கஷ்டப்படுத்த வேணாம்மா. ஊசி போட்டு வலியில்லாம போக வுட்டுடலாம்."

ஞாயிறு தவறாமல் கோழிக்குழம்பு வைப்பவள் நான். ஆனாலும் அதன் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தேன். கடைசியில், "நான் கையில வச்சிக்கலாமா?" என்று கேட்டேன்.

"வச்சிக்கங்க. பழகின கைன்னா பயப்படாது."

துண்டில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். ஊசி போட்டதும் ஒருமுறை உடம்பு உதறியது. பிறகு கழுத்து மெல்ல என் மணிக்கட்டில் சாய்ந்தது.

கொய்யா மரத்தடியில் ஆழமாகத் தோண்டிப் புதைத்தோம். அழுதேன். ஆனால் அன்று மதியம், பல நாளுக்குப் பிறகு, நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

போன மாதம் ஒரு பெட்டைக்கோழி காலை இழுத்துக்கொண்டு ஓரமாகப் படுத்துவிட்டது. இந்த முறை நாள் கடத்தவில்லை. மனதைத் தயார்படுத்திக்கொண்டு அன்றைக்கே ஆட்டோ பிடித்தேன். டாக்டரம்மா காலைத் திருப்பிப் பார்த்துச் சிரித்தார்.

"அடிப்பாதத்துல கட்டிம்மா. மருந்து போட்டா ஓடும்."

இப்போது அது ஓடுகிறது. மதில்மேல் ஏறிப் பக்கத்து வீட்டுக் கீரைப்பாத்திக்கும் போய்விட்டு வருகிறது.