பித்தளைப் பிடிகளும் சண்முகவடிவும்

1957ஆம் ஆண்டு ஜூலை மாதம் ஒன்பதாந் தேதி, செவ்வாய்க்கிழமை. விடியலிலிருந்தே சாரல் அடித்தது. இலங்கை மலைநாட்டில் நோர்வூட்டுக்கு மேலே, நான் அப்போது பள்ளியில் கற்பித்துவந்த தேயிலைத் தோட்டத்தில், பனிமூட்டம் துரை பங்களாவின் சன்னல்களுக்குள்ளும் நுழைந்திருந்தது. பங்களாவின் தலைமைச் சமையற்காரரான அலோசியஸ், பித்தளை துலக்கும் சண்முகவடிவை அழைத்து, கறுத்துக் கிடந்த கதவுப் பிடிகளைக் காட்டினார்.

"என்ன வடிவு, இது பித்தளையா, அடுப்புக்கரியா?"

"நேத்துத்தாங்க அண்ணே தேச்சேன். பளபளன்னு இருந்துச்சு."

"இருந்துச்சு! எல்லாத்தையும் கழட்டிட்டு நிக்கல் பிடி போடச் சொல்லிட்டாங்க துரைசாணி. பொட்டியும் வந்திருச்சு. பித்தளை போனா ஒனக்கு இங்க என்னா வேலை? மலைக்குத்தான் போவணும்."

மலைச்சரிவில் கொழுந்து பறிக்கையில் கான் எனும் வடிகாலுக்குள் விழுந்து முழங்காலை முறித்துக்கொண்டவர் சண்முகவடிவு. கூடை சுமந்து சரிவில் ஏற அவரால் இயலாது. பங்களா வேலையும் போய்விட்டால் அவருக்குப் பிழைப்பே இல்லை.

வெள்ளிக்கிழமை விளக்கைத் துலக்குவதுபோலவே அவர் கதவுப் பிடிகளையும் புளியும் சாம்பலும் இட்டுத் தேய்த்து, தண்ணீர் விட்டுக் கழுவி வந்தார். அன்று மாலை, தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் தம் குத்துவிளக்கை ஏற்றும்போதுதான் ஒன்றைக் கவனித்தார். எண்ணெய் வழிந்த தண்டு பளிச்சென்றிருந்தது; எண்ணெய் படாத அடிப்பாகம் கறுத்திருந்தது.

மறுநாள் கதவுப் பிடிகளுக்குத் தேங்காயெண்ணெய் தடவினார். அலோசியசின் வெள்ளைக் கோட்டில் எண்ணெய்க்கறை படிந்தது.

"அடியே, கதவுக்குப் பூசை போடுறியா? திரியும் போட்டு என்னையும் கொளுத்திரு!"

சண்முகவடிவு சிரித்தாரேயன்றி, சோர்ந்துவிடவில்லை. கையில் ஒட்டாத ஏதேனும் ஒரு பூச்சு வேண்டுமென்று எண்ணியவருக்கு, அலமாரிகளுக்குப் பூசும் தேன்மெழுகு நினைவுக்கு வந்தது. சாப்பாட்டறைக் கதவை எடுத்துக்கொண்டார். புளிப்பு சிறிதும் தங்காதபடி வெந்நீரால் பிடியைத் துடைத்தார். அடுப்பருகே காய்ந்த துணியால் ஈரத்தைப் போக்கினார். பிடியின் சூடு ஆறுமுன் மெழுகை மெல்லியதாகத் தடவி, கம்பளித் துணியால் தேய்த்தார். அடுத்திருந்த ஆபீசு அறைக் கதவைத் துலக்கியதோடு நிறுத்திக்கொண்டார்.

"அத ஏன் விட்டுட்ட?" என்றார் அலோசியஸ்.

"மெழுகு போட்டது நிக்கிதா, போடாதது நிக்கிதான்னு தெரியணும்ல அண்ணே?"

தம் பிழைப்பே ஊசலாடிய வேளையிலும், ஒரு கதவைச் சோதனைக்கென்று விட்டுவைத்த அந்த நிதானத்தை நான் இன்றும் வியக்கிறேன்.

மழை ஓயவில்லை. ஆபீசு அறைப் பிடி மங்கி, பழுத்து, கறுத்தது. சாப்பாட்டறைப் பிடியோ துலக்கிய அன்றிருந்தவாறே இருந்தது. அலோசியஸ் துரைசாணியை அழைத்துவந்து இரண்டையும் காட்டினார். அம்மையார் மெழுகிட்ட பிடியைத் திருகிப் பார்த்தார். பின்னர் தம் உள்ளங்கையைப் பார்த்தார். அதில் எதுவும் ஒட்டியிருக்கவில்லை. நிக்கல் பிடிகளைத் திருப்பி அனுப்பிவிடுமாறு சொல்லிவிட்டுச் சென்றார்.

சண்முகவடிவு கதவோரம் நின்றுகொண்டிருந்தார். அலோசியஸ் வேண்டுமென்றே முகத்தைக் கடுகடுவென வைத்துக்கொண்டு கேட்டார்:

"அப்ப நாளைக்கி ஒனக்கு என்னா வேலை?"

"சன்னல் கொக்கியெல்லாம் பாக்கி இருக்குதுங்க அண்ணே."