திருநாவுக்கரசும் புவாவேரும்

போன கிழமை மோர்னிங்சைட்டில் பல் வைத்தியரிடம் போயிருந்தேன். வரவேற்பு மேசையில் இருந்தவள் இங்கேயே பிறந்த எங்கள் பிள்ளை. தட்டச்சை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள்.

"அன்ரி, உங்கட லாஸ்ட் நேம் சரியான லோங். ஷோர்ட்டாப் போடட்டே?"

"முழுக்க அடியும் பிள்ளை. நான் ஆறுதலா நிக்கிறன்."

திருநாவுக்கரசு என்று அடித்து முடிக்கும்வரை நகரவில்லை. பிறகு உள்ளே, வைத்தியரின் ரப்பர் கையுறை வாசம் மூக்கில் ஏறியதும், வாயைத் திறந்தபடியே மிசிசாகாவுக்குப் போய்விட்டேன்.

கனடாவில் என் முதல் வேலை அங்கேதான், விமானங்களுக்குச் சாப்பாடு அடுக்கும் தொழிற்கூடத்தில். கையுறையும் அவித்த கரட்டும் கலந்த வாசம் இரண்டு முழுக்குக்கும் போகாது. பேருந்தில் என் பக்கத்து இருக்கை எப்போதும் காலியாக இருந்ததற்கு வேறு காரணம் தேட வேண்டாம். வரிசையில் எனக்கு எதிரே நின்றவர் கிளோடெட் கிறீன்வுட், வட ஒன்ராறியோவிலிருந்து வந்த பிரெஞ்சுக் கனடியப் பெண்மணி.

சாப்பாட்டு இடைவேளையில் அவர் கடதாசிக் கட்டொன்றை விரிப்பார். கியூபெக் தேவாலயங்களின் பழைய பதிவுகளின் பிரதிகள். ஞானஸ்நானத்தில் வைக்கும் முதற்பெயர் பெண்ணென்றால் மரி, ஆணென்றால் ஜோசப். கூப்பிடும் பெயர் கடைசியில் வரும். முன்னோரைத் தேடிய அவர் மூன்று வருடம் கிறீன்வுட் என்ற பெயரை அலசியும் ஒருவரும் அகப்படவில்லை. ஆனால் அந்தப் பதிவுகளில் பெண்கள் பிறந்த பெயரோடுதான் கலியாணம் செய்தார்கள், அதே பெயரோடுதான் அடக்கமானார்கள். தன் அப்பாவின் தாயாருடைய பெயரைப் பிடித்துப் போனபோது, பக்கத்தில் கணவர் பெயர் புவாவேர் என்றிருந்தது. பிரெஞ்சில் பச்சை மரக்காடு, ஆங்கிலத்தில் கிறீன்வுட். தாத்தா மர ஆலையில் சேர்ந்த அன்று ஆங்கிலக் கங்காணி அதைத் தன் வசதிக்கு மொழிபெயர்த்து எழுதிவிட்டான்.

அந்த நாட்களில்தான் எங்கள் மேற்பார்வையாளர் புதுப் பெயர் அட்டைகள் கொடுத்தார். அப்பாவின் பெயரை வெட்டி எனக்கு "திரு" என்று அடித்திருந்தார். கலியாணமாகாத பெண்ணின் நெஞ்சில் "திரு"! அதையே குத்திக்கொண்டேன். ஊரிலிருந்து அப்பாவைக் கனடாவுக்கு எடுப்பிக்க எனக்கு வேலைக் கடிதம் வேண்டியிருந்தது.

கிளோடெட் அட்டையைப் பார்த்தார். அவருடைய ஆங்கிலம் எனக்குள் தமிழாகத்தான் பதிந்திருக்கிறது.

"கழட்டு. என்ர தாத்தாவும் அண்டைக்குப் பரவாயில்லை எண்டுதான் விட்டவர். பிறகு திருத்த ஏலாமப் போச்சு."

ஒட்டுநாடாவில் முழுப்பெயரையும் எழுதி ஒட்டினேன். கக்கம்வரை போனது. கிளோடெட் தன் அட்டையில் புவாவேர் என்று ஒட்டினார். மேற்பார்வையாளர் இருவரையும் வீட்டுக்குப் போகச் சொன்னார்.

பேருந்துத் தரிப்பில் அழுதேன். "அப்பாவுக்கு என்னத்தைச் சொல்லுவன்?"

"வேலை போச்சு, உங்கட பேர் போகேல்லை எண்டு சொல்லு," என்ற கிளோடெட் தன் சான்ட்விச்சில் பாதியைத் தந்தார்.

மூன்றாம் நாள் மேற்பார்வையாளரே கூப்பிட்டார். விமானங்கள் காத்திருக்காது, வரிசையில் கை போதவில்லை. புது அட்டைகள் வந்தன. என்னுடையதில் பெயர் இரண்டு வரி. அப்பா வந்திறங்கிய அன்று அதைக் குத்திக்கொண்டே விமான நிலையத்தில் நின்றேன்.

கலியாணத்துக்குப் பிறகும் பெயரை மாற்றவில்லை. "மனுசன்ர பேர் போடாட்டி சனம் என்ன சொல்லும்?" என்றார் மாமி. "கியூபெக்கில ஒருத்தரும் ஒண்டும் சொல்லுறேல்லை மாமி," என்றேன். அதோடு அந்தக் கதை முடிந்தது.

இப்போது அந்தத் தொழிற்கூடம் பொதிக் கிடங்கு. அங்கே வேலை செய்பவர்களின் கழுத்தில் பெயரே இல்லை, இலக்கம்தான். சட்டப்படி பெயரைத் திரும்ப எடுத்த கிளோடெட்டும் இரண்டு குளிர்காலத்துக்கு முன் போய்விட்டார். வடக்கே அவருடைய கல்லறைக்கு நெடுந்தூரம் கார் ஓடிப் போனேன். அவருடைய சகோதரர்களின் மகன்மார் எல்லோரும் கிறீன்வுட். கல்லில் மட்டும் மரி கிளோடெட் புவாவேர். அந்தக் குடும்பத்தில் இனி அந்தப் பெயருக்கு ஆளில்லை. ஆனால் கருங்கல்லில் ஆழமாக வெட்டியிருக்கிறார்கள். இந்த நாட்டுப் பனி அதைத் தின்னட்டும் பார்ப்போம்.