ஸ்டாக் இல்லாத பங்கின் வெளிச்சம்

எங்கள் ஊரில் மண்ணெண்ணெய்க்கு மனிதர்கள் வரிசையில் நின்றதில்லை. டின்கள்தான் நின்றன. பீப்பாய் வருகிறது என்று சேதி வந்தால், முதல் நாள் சாயங்காலமே ரேஷன் கடை வாசலில் அவரவர் டின்னை வைத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். டின் இல்லாதவர்கள் செங்கல் வைப்பார்கள். செங்கல்லும் அகப்படாதவர்கள் ஒற்றைச் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு நொண்டிக்கொண்டே வீட்டுக்குப் போவார்கள். மறுநாள் காலையில் வந்து அதனதன் இடத்தில் நின்றுகொள்ளலாம். கோயில் உண்டியலில் கைவைத்தவன்கூட டின் வரிசையில் கைவைத்ததில்லை.

நான் வைத்தேன்.

தொண்ணூற்றொன்றாம் வருஷம் அது. எனக்கு எட்டு வயது. குவைத்தில் சண்டை முடிந்துவிட்டது என்று ரேடியோ சொன்ன பிறகும் எங்கள் பக்கம் மண்ணெண்ணெயும் டீசலும் ஒழுங்காக வந்து சேரவில்லை. இப்போது நான் ஷிஃப்ட் பஸ்ஸுக்கு நிற்கிற ஒரகடம் கூட்டுரோட்டில் அன்றைக்குக் கம்பெனி என்று எதுவும் கிடையாது. வேர்க்கடலைக் கொல்லையும் ஏரியும் ஒரு பெட்ரோல் பங்கும்தான். அப்பா, படப்பைக்காரர் ஒருவருடைய லாரியில் செங்கல் லோடு அடித்துக்கொண்டிருந்தார். டீசல் இல்லாததால் லாரி தெருமுனைப் புளியமரத்தடியில் நின்றது. அப்பா வீட்டில் நின்றார். லோடு அடித்தால்தான் அவருக்குச் சம்பளம்.

அந்த வருஷம் அக்காவுக்குப் பத்தாவது பரீட்சை. எங்கள் வகையறாவில் அவ்வளவு தூரம் போன முதல் பெண் அவள்தான். (நான் எட்டாவதோடு இறங்கிக்கொண்டேன், அந்தப் பஸ் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை.) தேறினால் ஸ்ரீபெரும்புதூரில் மேலே படிக்கலாம். தவறினால் வாலாஜாபாத்தில் தாய்மாமன் தயாராக இருந்தார். மாமா நல்லவர்தான். ஆனால் வரும்போதெல்லாம் அக்காவின் கணக்குப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து, "ரொம்பக் கஷ்டமா கீதே, பாஸாவறது டவுட்டுதான்" என்று சந்தோஷமாகச் சொல்வார்.

எங்கள் வீட்டில் கரண்ட் இல்லை. சிம்னி விளக்கின் அடியில் எண்ணெய் விரற்கடை அளவுக்கு வந்துவிட்டது. "இந்த வாட்டி கிருஷ்ணாயில் கிடைக்கலன்னா அவ்ளோதான், உன் மாமன் வந்து விளக்கேத்தட்டும்" என்று அம்மா அக்காவிடம் சொன்னாள். அக்கா அழவில்லை. புத்தகத்தை இன்னும் கொஞ்சம் விளக்குக்குப் பக்கத்தில் நகர்த்திக்கொண்டாள். அதைப் பார்த்தபின் எனக்கு ஏதோ ஆகிவிட்டது. அன்று சாயங்காலம் ஆள் இல்லாத நேரம் பார்த்துக் கடைசியில் இருந்த எங்கள் டின்னைத் தூக்கி முதலில் வைத்தேன். முதலில் இருந்த பெரியம்மாவின் டின்னைக் கடைசிக்கு அனுப்பினேன். அதோடு விட்டிருக்கலாம். கை சும்மா இருக்கவில்லை. மற்ற டின்களையும் செருப்புகளையும் இஷ்டத்துக்குக் கலைத்துவிட்டு வந்தேன்.

காலையில் கடை வாசலில் பெரிய ரகளை. ரேஷன் கடைக்காரர் பார்த்தார், டின்களையெல்லாம் ஒரு ஓரமாகத் தள்ளிவிட்டு, "ஆள் நின்னாத்தான் எண்ணெய்" என்று சொல்லிவிட்டார். டின்னை நம்பிக் களை பறிக்கப் போயிருந்த அம்மா வந்து சேர்வதற்குள் பீப்பாய் காலி. யார் செய்த வேலை என்று கண்டுபிடிக்க யாரும் சிரமப்படவில்லை. திருடனுக்குக் கொஞ்சமாவது புத்தி வேண்டும். நான் எங்கள் டின்னையே முதலில் வைத்திருந்தேன்.

எங்கள் தெருவில் கரண்ட் இருந்தது பெரியம்மா வீட்டில் மட்டும்தான். அக்கா புத்தகத்தோடு போய் நின்றபோது பெரியம்மா, "உன் தம்பி கை பட்டதுக்கே என் டின்னு கடைசிக்குப் பூட்ச்சு. நீ உள்ள வந்தா பல்பு இன்னா ஆவுமோ" என்று கதவைச் சாத்திக்கொண்டாள். தெருவிளக்கு? அதைப் பொங்கலுக்கே உண்டிவில்லால் உடைத்தாயிற்று. உடைத்தது யார் என்று நீங்கள் கேட்கவேண்டியதில்லை.

"லாரியில பல்பு கீதே, அதுல குந்திப் படிக்கட்டுமே" என்றாள் அம்மா.

"ஓடாத வண்டியில பல்பு எரிஞ்சா பேட்டரி உக்காந்துடும். முதலாளி என்னைத் தொலைச்சுடுவாரு" என்றார் அப்பா. தாடையைச் சொறிந்தார். பிறகு அக்காவின் புத்தகப் பையை எடுத்துத் தன் தோளில் மாட்டிக்கொண்டார். "வாம்மா."

அப்படித்தான் நாங்கள் பங்குக்குப் போனோம். 'ஸ்டாக் இல்லை' என்று எழுதிய பலகை ஒரு மாதமாக அங்கே தொங்கிக்கொண்டிருந்தது. ஆனால் இருட்டியதும் டியூப்லைட் எல்லாம் எரியும். விளக்கை அணைத்தால் பங்கை மூடிவிட்டார்கள் என்று நினைத்து வாடிக்கைக்காரர்கள் வேறு பங்குக்குப் பழகிவிடுவார்களாம், ஓனர் உத்தரவு. திருநெல்வேலிப் பக்கத்து அண்ணன் ஒருவர் அந்த வெளிச்சத்துக்குக் காவலாக உட்கார்ந்திருப்பார். அப்பா விஷயத்தைச் சொன்னதும், "இதுக்கு என்ன அண்ணாச்சி, டீசல்தான் இல்ல, லைட்டு நிறைய இருக்கு, வேணும்ங்கிற மட்டும் பிடிச்சிட்டுப் போங்க" என்று காற்றடிக்கும் மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டுக்கொடுத்தார்.

தினமும் சாயங்காலம் அக்கா படிப்பாள், அப்பா தரையில் உட்கார்ந்து காவல் இருப்பார், நான் தொந்தரவு கொடுப்பேன். ஒருநாள் அவள் புவியியலைச் சத்தமாகப் படித்தாள். இந்தியாவில் எண்ணெய் கிடைக்கும் இடங்கள்: அசாம், குஜராத், பம்பாய்க் கடல்.

பங்க் அண்ணன் காதைக் கொடுத்தார். "இவ்வளவு இடத்துல கெடைக்குன்னா நான் எதுக்கு இந்தப் பலகையை மாட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன்?"

"அது பத்தாதாம்ணா. மிச்சத்துக்கு வெளிநாட்டுலேருந்து வாங்கித்தான் ஆவணுமாம்."

"அடுத்தவன் கிணத்தை நம்பி நாத்து விட்டா இப்படித்தான்" என்றார் அப்பா.

"அப்ப நம்ம ஏரியில தோண்டிப் பாக்கலாம்ல?" என்றேன் நான்.

"நீ தோண்டினா மண்ணு லாரி வரும், எண்ணெய் வராது. வாய மூடு" என்றாள் அக்கா.

ஊரே டேங்கர் வரவேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தபோது நான் மட்டும் எல்லையம்மன் கோயிலுக்குப் போய், பரீட்சை முடியும்வரை வரக்கூடாது என்று வேண்டிக்கொண்டேன். ஸ்டாக் வந்தால் பங்கில் லாரிகள் குவியும், அக்காவின் ஸ்டூல் போய்விடும். பயந்துகொண்டே அதை அப்பாவிடம் சொன்னேன். டீசல் இல்லாததால்தான் வீட்டில் மத்தியானச் சாப்பாடு கூழோடு நிற்கிறது என்பது எனக்கும் தெரியும். அடிப்பார் என்று நினைத்தேன்.

"நானும் அதத்தான்டா வேண்டிக்கினு கீறேன்" என்றார்.

"அப்ப லோடு?"

"செங்கல்லுக்கு இன்னா காலா மொளச்சிக்கீது, ஓடிப்பூடறதுக்கு?"

அம்மன் எங்கள் இருவர் பேச்சையும் கேட்கவில்லை. கணக்குப் பரீட்சைக்கு முதல் நாள் மத்தியானம் டேங்கர் வந்துவிட்டது. படப்பையிலிருந்து முதலாளி ஆளனுப்பினார்: இன்றைக்கே டீசல் போட்டு வை, நாளைக்கு விடிந்ததும் லோடு. நாங்கள் பங்குக்குப் போனபோது லாரி வரிசை ஏரி மதகைத் தாண்டி நின்றது. அக்காவின் ஸ்டூலில் ஒரு கேன் உட்கார்ந்திருந்தது.

டேங்கின் அடியில் மிச்சமிருந்த டீசலில் அப்பா லாரியை ஓட்டி வந்து வரிசையில் சேர்த்து, எங்களை உள்ளே ஏற்றினார். வரிசையில் இன்ஜினை எப்படியும் போட்டுப்போட்டு எடுக்க வேண்டியிருக்கும், பேட்டரி தாங்கும் என்று கணக்குப் போட்டு கேபின் பல்பைப் போட்டார். பின்சீட்டில் அக்கா. இன்ஜின் மூடிமேல் நான். அவள் வட்டம் வரைந்து அதற்குத் தொடுகோடு போடப் பழகிக்கொண்டிருந்தாள். அதற்குப் பத்து மார்க்காம். அந்தப் பத்து மார்க் இல்லாவிட்டால் வாலாஜாபாத்துதானாம். காம்பஸைக் குத்தி அவள் பாதி வட்டம் சுற்றும்போது முன்னால் இருந்த லாரி நகர்ந்தது. அப்பா இன்ஜினைப் போட்டார். வண்டி உதறிக்கொண்டு ஒரு லாரி தூரம் நகர்ந்து நின்றது. வட்டம் முட்டையாகிவிட்டது.

"கோழி முட்டையா, வாத்து முட்டையாக்கா?" என்றேன்.

அவள் அதை அழித்தாள். மறுபடி குத்தினாள். மறுபடி வரிசை நகர்ந்தது. இந்த முறை காம்பஸ் முனை தாளைக் கிழித்துவிட்டது. அக்கா காம்பஸை மடியில் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அப்பா கண்ணாடியில் அவளைப் பார்த்தார்.

அடுத்தமுறை வரிசை நகர்ந்தபோது அப்பா இன்ஜினைப் போடவில்லை. கையை வெளியே நீட்டி, பின்னால் இருந்த லாரியைச் சுற்றிக்கொண்டு போகச் சொன்னார். அது போனது. அதற்குப் பின்னால் இருந்ததும் போனது.

"ஏம்பா, எல்லாரும் முந்திக்கினு போறாங்க. நீ இன்னாத்துக்கு வுடற?"

"நீ சும்மா குந்து. அது வரையட்டும்."

ஐந்தாறு லாரிகள் போனபின் ஒரு டிரைவர் இறங்கி வந்தார். "இன்னா தலைவா, வண்டி மக்கர் பண்ணுதா?"

"செல்ஃப் எடுக்கல. நீ போப்பா."

"அட, சொல்றதுதான? தள்ளி வுடறோம்." அவர் குரல் கொடுக்க, நாலு பேர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். அப்பாவுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. "செல்ஃப் நல்லாத்தான் கீது, எங்கப்பா பொய் சொல்றாரு" என்று ஜன்னலில் தலையை நீட்டிக் கத்தினேன்.

அந்த டிரைவர் படியில் ஏறி உள்ளே எட்டிப் பார்த்தார். பல்புக்குக் கீழே குனிந்திருந்த அக்காவையும், மடியில் இருந்த காம்பஸ் பெட்டியையும் பார்த்தார். இறங்கிவிட்டார்.

"செல்ஃப்பு போயிட்ச்சுப்பா" என்று பின்னால் பார்த்துச் சொன்னார். "வண்டி இப்போதைக்கு நகராது. சுத்தினு போங்க. அந்த ஆரனையும் அடிக்காதீங்க."

எவ்வளவு பொய் சொல்கிறார்கள் பெரியவர்கள் என்று நான் அசந்துபோனேன். எங்களைத் தாண்டி லாரிகள் போய்க்கொண்டே இருந்தன. அக்கா எதையும் பார்க்கவில்லை. தாள் தாளாக வட்டம் போட்டாள். அப்பா ஸ்டீயரிங்மேல் கைகளை மடக்கி வைத்துக்கொண்டு, அசைந்தால்கூட வண்டி ஆடிவிடும் என்பதுபோல உட்கார்ந்திருந்தார். கடைசியில் அவள் பெட்டியை மூடிய பிறகு அப்பா சாவியைத் திருப்பினார். பேட்டரி முனகிவிட்டு நின்றுவிட்டது. செல்ஃப் இப்போது நிஜமாகவே எடுக்கவில்லை. அதே நாலு பேர் வந்து தள்ளினார்கள். பங்கை நெருங்கும்போது திருநெல்வேலி அண்ணன் பலகையைத் திரும்ப மாட்டிக்கொண்டிருந்தார்.

ரிசல்ட் வந்தது, அக்கா தேறியது, மாமா வேறிடத்தில் பெண் பார்த்தது எல்லாம் பின்னால் நடந்தவை. மறுநாள் காலையில் முதலாளி வந்தார், சைக்கிளில்; அவர் ஸ்கூட்டருக்கும் பெட்ரோல் இல்லை. படப்பையிலிருந்து மிதித்து வந்த கோபமும் சேர்ந்துகொண்டது.

"வரிசையில நிக்கத் துப்பில்ல, பேட்டரிய வேற காலி பண்ணி வச்சிக்கீற. உன்ன நம்பி வண்டிய வுட்டேன் பாரு. சாவியைக் குடு" என்றார்.

தெருவே வேடிக்கை பார்த்தது. பெரியம்மாவும் கதவைத் திறந்துகொண்டு பார்த்தாள். அப்பா சாவியைக் கொடுத்தார். அந்த நேரம் பார்த்து அக்கா தாவணியைச் செருகிக்கொண்டு, காம்பஸ் பெட்டியைக் கையில் பிடித்தபடி பஸ்ஸுக்கு ஓடினாள். முதலாளி இன்னும் திட்டிக்கொண்டிருந்தார். அப்பா அவரைப் பார்க்கவே இல்லை. அக்கா கூட்டுரோடு திரும்பும்வரை அவள் போன பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் சிரிப்பு இருந்தது.

முதலாளி போனதும் அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். "அவரு அவ்ளோ திட்றாரு, வண்டியும் பூட்ச்சு. நீ இன்னாத்துக்குப்பா சிரிக்கிற?"

அப்பா குனிந்து, ரகசியம் கேட்பதுபோலக் கேட்டார். "நேத்து நீதான பக்கத்துல குந்தினு இருந்த? கடைசி வட்டம் ரவுண்டா வந்துச்சாடா?"

வந்தது என்றேன். வட்டம் வந்து என்ன, டீசல் வரவில்லையே என்று சொல்லிவிட்டு, அன்று முழுவதும் அவரோடு பேசாமல் இருந்தேன்.