பேய் பார்க்கத் தோதான ஞாயிறு

பேய் பார்க்க ராத்திரிதான் சரி என்று யாராவது சொன்னால் பூதத்தானுக்கு எரிச்சல் வரும். இருட்டில் பூனை குதித்தாலும் பேய்தான், பக்கத்து வீட்டுக்காரன் கொட்டாவி விட்டாலும் பேய்தான், அதில் கண்டுபிடிக்க என்ன இருக்கிறது என்பார். அவரைக் கேட்டால் உச்சிவேளைதான் அதற்கு உகந்த பொழுது. உச்சிப்பொழுதில் தனியாகப் போகாதே என்று திருநெல்வேலிப் பக்கம் பிள்ளைகளைத் தடுப்பது சும்மா இல்லை. அங்கேயும் சரி, இங்கே மும்பையிலும் சரி, ஆட்கள் சோறு தின்று கண் அயரும் நேரத்தில்தான் காலி வீடுகள் சத்தம் போடுகின்றன.

பொழுது மட்டும் போதாது. மழைக்கால நான்கு மாதமும் ஆகவே ஆகாது. தகரமும் தார்ப்பாயும் ஓயாமல் பேசிக்கொண்டிருக்கும். கணபதி திருவிழா நாட்களில் பேயே வந்து காதில் கத்தினாலும் கேட்காது. மேகமில்லாமல் வெயில் சுள்ளென்று ஏறிய நாள் வேண்டும். காலையில் முனிசிபாலிட்டித் தண்ணீர் வந்து நின்று மூன்று மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஹார்பர் லைனில் மெகா பிளாக் அறிவித்த ஞாயிற்றுக்கிழமையாக இருக்க வேண்டும். தண்டவாள வேலைக்காகப் பதினோரு மணியிலிருந்து நாலு மணிவரை ரயிலை நிறுத்திவிடுவார்கள். ஊரே ரயில்வேக்காரனைத் திட்டும். பூதத்தான் மட்டும் சனிக்கிழமைப் பேப்பரில் அந்த அறிவிப்பைத் தேடிப் படித்துவிட்டு உற்சாகமாகப் பையை எடுத்து வைப்பார்.

பையில் பெரிதாக ஒன்றும் இருக்காது. ஒரு டார்ச், ஒரு ஸ்பேனர், பழைய சைக்கிள் டியூபின் துண்டுகள், நீளமான ஒரு ஸ்க்ரூடிரைவர். டிராம்பேயில் கான்டிராக்டில் முப்பது வருடம் பம்ப் மெக்கானிக்காக இருந்தவர். ஸ்க்ரூடிரைவர் நுனியைப் பம்பின்மேல் ஊன்றி, பிடியைக் காதில் வைத்து அழுத்தினால், உள்ளே தேய்ந்திருப்பது எது என்று சொல்லிவிடுவார். வேலையை விட்டு வந்த வருடம், தாராவியில் வீட்டு புரோக்கரான மெஹராஜ், பெருமூச்சு விடுகிற ஒரு கோலி, அதாவது ஒற்றை அறை வீடு, யாருக்கும் வாடகைக்குப் போகாமல் கிடக்கிறது என்று அவரிடம் புலம்பினான். பூதத்தான் போய்ப் பார்த்தார். கீழ் மாடிப் பட்டறையின் புகைக்குழாய்தான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

அதிலிருந்து பத்தொன்பது கோலிகள் பார்த்துவிட்டார், ஒரு பேயும் அகப்படவில்லை. "பேரு பூதத்தான், சொந்தக்காரன்னு அதுகளே வழி விட்டுருது" என்று மெஹராஜ் கேலி செய்வான். பேயே கிடையாது என்று அடித்துப் பேசுகிறவர் இல்லை பூதத்தான். இருந்தால் நல்ல பொழுதில் நல்லபடியாக வந்து கேட்கட்டும் என்பதுதான் அவர் கட்சி.

இருபதாவது கோலி செம்பூரில், தண்டவாளத்தை ஒட்டிய பழைய கட்டடத்தின் மூன்றாவது மாடியில் இருந்தது. ஆறுமுகத்தாய் என்பவளுக்குச் சொந்தம். வாங்க வந்தவர் மாட்டுங்காவில் பேங்க் கிளார்க்காக இருக்கும் அனந்த். எல்லாம் பேசி முடிந்த பிறகு, மதியமானால் அந்த வீட்டுச் சுவரில் யாரோ தட்டுகிறார்கள் என்று கீழ்வீட்டுப் பெண்கள் அவர் மனைவியின் காதில் போட்டுவிட்டார்கள். பேய் இல்லை என்று தெரிந்தால் திங்கட்கிழமை சாவி வாங்கிக்கொள்கிறேன், இல்லையென்றால் வேறு வீடு பார்க்கிறேன் என்று அனந்த் மெஹராஜிடம் சொல்லிவிட்டார்.

மார்ச் மாதத்து மெகா பிளாக் ஞாயிறு ஒன்றில், பன்னிரண்டு மணிக்குப் பூதத்தான் அங்கே போய்ச் சேர்ந்தார். வீட்டு ஆட்களை வெளியே அனுப்பிவிடுவது அவர் வழக்கம். ஆறுமுகத்தாய் நகரவில்லை.

"அண்ணாச்சி, ஒண்ணு சொல்லிருதேன்" என்றாள். "எம்மவன் மாரிசெல்வம் இந்தக் கட்டில்லதான் கெடந்தான். மஞ்சக்காமால. போயி எட்டு மாசமாச்சு. கடைசில வாய் தொறந்து கூப்பிடச் சத்து கெடையாது. தண்ணி வேணும்னா டம்ளர வச்சு செவுத்துல மூணு தட்டு தட்டுவான். இப்பமும் தட்டுதான். நான் பதில் சொல்லிக்கிட்டுதான் இருக்கேன்."

"இத மெஹராஜ்கிட்ட சொன்னியளா?"

"அவர்ட்ட எதுக்கு? கோவண்டில எங்க அக்கா வந்துருன்னு சொல்லுதா. முட்டியும் மூணு மாடி ஏற ஒத்துக்கிட மாட்டேங்கு. அதான் விக்கச் சம்மதிச்சேன். ஆனா அவன் இங்கதான் இருக்காம்னு நீங்க ஒரு வார்த்த சொல்லிட்டா, நான் சாவியக் குடுக்க மாட்டேன். அவன ஒத்தையில விட்டுட்டு எங்க போவேன்?"

"சத்தம் வரட்டும்மா, பாப்போம்" என்றார் பூதத்தான். பயந்தவர்களைத்தான் அவர் இதுவரை பார்த்திருந்தார். பேய் வேண்டும் என்று உட்கார்ந்திருந்தவளை இப்போதுதான் பார்க்கிறார். ஆனாலும் அவருக்கு வேலை ஒன்றுதான். ஃபேனை நிறுத்தினார், ஃப்ரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கினார், பக்கத்து வீட்டில் சொல்லி டிவியை அணைக்க வைத்தார். ரயிலும் இல்லாததால் சுவர்க் கடிகாரம் ஓடுவதுகூடக் கேட்டது.

ஒன்று பத்துக்கு வந்தது. டக். டக். டக்.

"இந்தா வாரேன் மக்கா" என்று ஆறுமுகத்தாய் பாதி எழுந்துவிட்டாள். சுவரில் டம்ளர் தட்டுகிற அதே சத்தம்தான். இத்தனை வருடத்தில் முதல் தடவையாக, பேய் இருந்துவிட்டுத்தான் போகட்டுமே என்று பூதத்தானுக்குத் தோன்றியது.

பிறகு கை தன்பாட்டில் ஸ்க்ரூடிரைவரை எடுத்தது. கட்டிலுக்கு மேலே சுவரில் நுனியை ஊன்றிக் காதை வைத்தார். அவள் அவருக்கு டீ போட அடுப்படித் தடுப்புக்கு அந்தப் பக்கம் போனாள். பூதத்தான் ஜன்னல் கம்பிக்குள் கையை விட்டுத் துழாவினார். மொட்டைமாடித் தொட்டியிலிருந்து இறங்கும் இரும்புக் குழாய் வெயிலில் தொட முடியாமல் கொதித்தது. கட்டிலுக்கு நேர் பின்னால், துருப்பிடித்த கிளாம்பு ஒன்று அதை இறுக்கிப் பிடித்திருந்தது. சூட்டில் குழாய் நீள்கிறது, கிளாம்பு விடமாட்டேன் என்கிறது. தாங்க முடியாமல் போகும்போது வழுக்கித் தட்டுகிறது. அப்படியானால் குளிர்ந்து சுருங்கும்போதும் தட்ட வேண்டுமே? குளிக்கிற மூலையிலிருந்த வாளியில் ஒரு மக் தண்ணீர் மொண்டு வந்து குழாயில் ஊற்றினார்.

டக். டக். டக்.

"வாரேன்ல, செத்த பொறு, டீ கொதிக்கி" என்று அடுப்படியிலிருந்து குரல் வந்தது.

"யம்மா, இங்க ஓடி வாங்க! ஆளப் புடிச்சாச்சு!" என்று பூதத்தான் கூவினார். பத்தொன்பது வீட்டிலும் இப்படித்தான் கூவியிருக்கிறார். பத்தொன்பது வீட்டிலும் கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறார்கள். அவள் டீ கிளாஸோடு வந்ததும், கொஞ்சம் மேலே இன்னொரு மக் ஊற்றித் தட்ட வைத்தே காட்டினார். "பைப்பும்மா! வெயில்ல நீளுது, தண்ணி பட்டா சுருங்குது. கிளாம்புல ஒரு டியூப் துண்டு வச்சாப் போதும், சத்தம் போயிரும்!"

அதற்குப் பிறகுதான் அவள் முகத்தைப் பார்த்தார். பார்த்ததும், தான் செய்தது என்ன என்று விளங்கிவிட்டது. கையிலிருந்த மக்கை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. இவ்வளவு வெட்கப்பட்டு அவர் எந்த வீட்டிலும் நின்றதில்லை.

"நான் இதத் தொடாமலே போயிருதேன்" என்றார். "இருக்குன்னே சொல்லிருதேன். அந்த சார் வேற வீடு பாத்துக்கிடட்டும்."

அவள் குழாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். "இன்னொரு மட்டம் ஊத்துங்க அண்ணாச்சி."

"வேண்டாம்மா."

"ஊத்துங்க."

ஊற்றினார். டக், டக், டக் என்று மூன்றும் வந்தன. பூதத்தான் அவள் வாயையே பார்த்தார். அவள் பதில் சொல்லவில்லை. டீ கிளாஸை ஜன்னல் திட்டில் வைத்துவிட்டு, சேலைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"தெரிஞ்ச பொறவு பைப்பாத்தான் கேக்கு" என்றாள். "புரோக்கருக்குப் போன் போடுங்க. நாளைக்குச் சாவியக் குடுத்துருதேன்."