ஏழுமலைக்கு நான் எடுத்த அளவு

செய்தி வந்தபோது நான் சார்பு நீதிமன்றத்தில் ஒரு சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்துகொண்டிருந்தேன். சட்டைப்பையில் கைபேசி இரண்டு முறை அதிர்ந்து அடங்கியது. மூன்றாவது முறை அதிர்ந்தபோது இன்னும் நான்கு கேள்விகள் மிச்சமிருந்தன. கேட்டு முடித்துவிட்டு வராந்தாவுக்கு வந்து பார்த்தேன். மூன்றும் ஏழுமலையின் மனைவி மல்லிகாவின் அழைப்புகள். அந்தப் பெயரைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. இருந்தாலும் திரும்ப அழைத்தேன்.

"அண்ணா, காலையில போயிட்டாரு" என்றார். அழவில்லை. கீழ்பென்னாத்தூருக்குப் பக்கத்தில் இருக்கும் சொந்த ஊருக்கே கொண்டுபோகிறார்கள் என்றும், மாலைக்குள் வந்துவிடும்படியும் சொன்னார்.

அரை மணி நேரத்தில் நம் வழக்கறிஞர் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் வழக்கறிஞர் ஏழுமலையின் படம் வந்தது. வெள்ளைச் சட்டை, கறுப்புக் கோட்டு, கழுத்துப்பட்டை. மார்பளவுப் படம். அவரை அறியாத ஒருவர் அதைப் பார்த்தால் நல்ல வாட்டசாட்டமான ஆள் என்றுதான் நினைப்பார்.

உங்களுக்குத் தெரியும், அவர் நாலடி பதினோரு அங்குலம். நானும் அவரும் ஒரே நாளில் பதிவு செய்துகொண்டு தொழிலுக்கு வந்தவர்கள். இருபத்தைந்து வருடங்களுக்கு மேல் அவர் பக்கத்தில் நடந்திருக்கிறேன். அடி அண்ணாமலையிலிருந்து நான் வண்டியில் வந்து இறங்கினால் நீதிமன்ற வாசலிலேயே நின்று, "வாய்யா சேகர், நேரம் ஆயிடுச்சு" என்பார். என் தோளுக்குக் கீழேதான் அவர் தலை இருக்கும். நடை மட்டும் என்னைவிட வேகம்.

நீதிமன்றத்துக்குள் அவருக்கு உயரம் ஒரு பொருட்டே இல்லை. ஒரு வரப்புத் தகராறு வழக்கில் எதிர்த் தரப்புச் சாட்சி, ஆறடிக்காரர், கூண்டில் ஏறி நின்று இவரைக் குனிந்து பார்த்துச் சிரித்தார். இவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. மெல்லிய குரலில் ஊர், தொழில், மாடு, கன்று என்று கேட்டுக்கொண்டே போனார். சாட்சியும் அலட்சியமாகப் பதில் சொல்லிக்கொண்டே வந்து, பத்திரத்தில் கையெழுத்துப் போட்டதாகச் சொன்ன தேதியில் தான் பெங்களூரில் இருந்ததை ஒப்புக்கொண்டு இறங்கினார். வெளியே வந்ததும் ஏழுமலை சொன்னார்: "என்னை மேலருந்து பாக்கறவன் என் கேள்விய கவனிக்க மாட்டான்யா. அது எனக்கு லாபம்."

கட்சிக்காரர்களிடம் அவர் முதலில் சொல்வது எப்போதும் ஒன்றுதான். "உனக்கு எதிரா என்ன இருக்குதோ அதை மொதல்ல சொல்லு. சாதகமா இருக்கறதை நானே தேடிக்கறேன்." அதைச் சொல்லத் தயங்கியவர்களின் வழக்குக் கட்டை அவர் திருப்பிக் கொடுத்ததை நானே பார்த்திருக்கிறேன்.

இவ்வளவு உறுதியான மனிதர் ஒரே ஒரு இடத்தில் நொந்துபோவார். அது சட்டை வாங்கும் இடம். ரெடிமேட் சட்டை போட்டால் கை விரல் நுனிவரை வரும்; பை வயிற்றில் உட்காரும்; தோள் தையல் முழங்கைக்குப் பாதி தூரத்தில் தொங்கும். தையல்காரர்களும் வழக்கமான ஆளுக்கு வெட்டுவது போல வெட்டிவிட்டுக் கீழே மட்டும் குறைப்பார்கள். கடைசியில் அவர் என்ன செய்தார் என்பதை எனக்கு மட்டும் சொல்லியிருந்தார். பல வருடங்களாக அவர் பள்ளிச் சீருடைப் பிரிவில்தான் வெள்ளைச் சட்டை வாங்கினார். மேல்நிலை வகுப்புப் பையன்களுக்கான சட்டை. மே மாதக் கடைசியில் கூட்டத்தோடு கூட்டமாகப் போய் வருடத்துக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார். ஒருமுறை கடைப்பெண், "எந்த ஸ்கூலுக்கு சார்?" என்று கேட்டிருக்கிறாள். "கோர்ட்டுக்கும்மா" என்று சொல்லிவிட்டு எடுத்த சட்டையை அங்கேயே வைத்துவிட்டு வந்தார். அதன்பிறகு அந்தக் கடைக்குப் போகவில்லை.

நான்கு வருடங்களுக்கு முன்பு அவரே இணையத்தில் ஒரு நிறுவனத்தைக் கண்டுபிடித்தார். குள்ளமான ஆண்களுக்கென்றே அளவு கேட்டுச் சட்டை தைத்து அனுப்புகிறவர்கள். கைபேசியை என்னிடம் நீட்டிக் காட்டினார். கழுத்து, மார்பு, தோள், கை, உயரம் என்று கட்டம் கட்டமாக இருந்தது. "இதுல நம்பர் போட்டா போதும். யாரும் நேர்ல பாக்க வேணாம்" என்றார். ஆனால் அளவை நீங்களே எடுக்காதீர்கள், இன்னொருவரை எடுக்கச் சொல்லுங்கள் என்று அதிலேயே எழுதியிருந்தது. மல்லிகா எடுக்கலாமே என்றேன். அவர் கைபேசியை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். மனைவி முன்னால் அந்த எண்களை உரக்கச் சொல்லிக் கேட்க அவருக்கு விருப்பமில்லை என்று புரிந்துகொண்டேன்.

அப்படித்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேங்கிக்காலில் அவர் வீட்டு முன்னறையில், சட்டப் புத்தக அலமாரிகளுக்கு நடுவே, நான் நாடாவோடு நின்றேன். மார்பு முப்பத்தாறு, கழுத்து பதினாலரை. நான் சொல்லச் சொல்ல அவர் கட்டங்களை நிரப்பினார். உயரத்துக்கான கட்டத்தில் தெரிவுகள் ஐந்தடியிலிருந்துதான் தொடங்கின. குள்ளமானவர்களுக்கான கடையிலும் தனக்கு இடமில்லை என்று அவர் விட்டுவிடவில்லை. உட்கார்ந்து ஒரு வக்கீல் நோட்டீஸ் மாதிரியே கடிதம் எழுதினார். இரண்டு நாள் கழித்து அந்த நிறுவனத்திலிருந்து ஒரு பெண் பேசினாள். மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, நாலடி எட்டிலிருந்து பட்டியலை மாற்றிவிட்டதாகச் சொன்னாள். "என்னையும் லிஸ்ட்ல சேத்துட்டாங்கய்யா" என்று அன்று முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

சட்டைகள் கச்சிதமாக இருந்தன. முதல் நாள் அணிந்து வந்தபோது நீதிபதியிடம் ஆவணத்தை நீட்டினார். சட்டைக் கை மணிக்கட்டிலேயே நின்றது. உங்களில் பலர் அன்று அவரிடம் புதுச் சட்டையா என்று கேட்டீர்கள். இரண்டாம் முறையும் அதே அளவில் வரவழைத்தார்.

மூன்றாம் முறையைப் பற்றி எழுதத்தான் இதை எழுதுகிறேன்.

சென்ற வருடம் அவரைக் கூடுதல் அரசு வழக்கறிஞராக நியமித்த ஆணை வந்தது நினைவிருக்கும். பொறுப்பேற்கும் நாளுக்காக ஆறு சட்டைகள் வேண்டும் என்றார். அதற்குச் சில வாரங்கள் முன்பிருந்தே அவர் இளைத்துக்கொண்டிருந்தார். இடுப்பு வாரில் புதிதாக ஓட்டை போட்டிருந்தார். கேட்டவர்களிடம் சர்க்கரைக்காக அரிசியைக் குறைத்துவிட்டேன் என்றார். நூலகத்தில் ஒருவர், "என்ன சார், பாதியாயிட்டீங்க?" என்று கேட்டுவிட்டார். ஏழுமலை கையிலிருந்த புத்தகத்தை மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்தார். என்னிடம் சொன்னார்: "இருக்கறதே இவ்ளோதான். அதுலயும் கம்மியாயிடுச்சுன்னு சொல்ல வந்துட்டானுங்க." அவர் குரல் உடைந்து நான் கேட்டது அது ஒருமுறைதான்.

அளவெடுக்கப் போன ஞாயிற்றுக்கிழமை நான் செருப்பைக் கழற்றும்போதே மல்லிகா வாசலுக்கு வந்தார். குரலைத் தாழ்த்தி, "அண்ணா, நீங்கதான் அளக்கறீங்க. எவ்ளோ குறைஞ்சிருக்குதுன்னு பாத்து நீங்களே அவர்கிட்ட சொல்லுங்க. நான் டாக்டர்னு சொன்னாலே கோவிச்சுக்கறாரு" என்றார். சரிம்மா என்றேன்.

நாடாவை மார்பைச் சுற்றிப் பிடித்தேன். முப்பத்து மூன்று. தவறாகப் பிடித்துவிட்டேனோ என்று இன்னொரு முறை பார்த்தேன். முப்பத்து மூன்றுதான். பனியனுக்குக் கீழே விலா எலும்பு என் விரலில் பட்டது. கழுத்தில் ஒரு அங்குலம் குறைந்திருந்தது. அவர் கைபேசியோடு காத்திருந்தார். நியமன ஆணை பக்கத்து மேசையில் கண்ணாடிக்கு அடியில் இருந்தது. முகம் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

"எவ்ளோ?" என்றார்.

"அதேதான். முப்பத்தாறு" என்றேன்.

கழுத்துக்கும் பழைய அளவையே சொன்னேன். இன்றைக்கு வேண்டாம், பொறுப்பேற்றபின் சொல்லிக்கொள்ளலாம் என்று எனக்குள் சமாதானம் செய்துகொண்டேன். வெளியே வரும்போது மல்லிகா என் முகத்தைப் பார்த்தார். பெருசா ஒண்ணும் இல்லம்மா என்று அவரிடமும் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன்.

சட்டைகள் வந்தன. அவர் மேல் அவை தொங்கின. பொறுப்பேற்ற அன்று கோட்டைக் கழற்றவே இல்லை. கோபம் முழுவதும் அந்த நிறுவனத்தின் மேல் திரும்பியது. அவர்கள் மறுபடி அளந்து அனுப்புங்கள் என்று பணிவாகக் கேட்டார்கள். அளந்தவர் ஒரு வழக்கறிஞர், அளவில் சந்தேகம் வேண்டாம் என்று இவர் பதில் எழுதினார். அவர்கள் திரும்பத் தைத்து அனுப்பினார்கள். அந்தச் சமயம் கிரிவலத்துக்கு வரும் பௌர்ணமிக் கூட்டம் வேறு. பொட்டலம் ஊருக்குள் வரவே தாமதமானது. வந்தவையும் அதே போலத் தொங்கின. நோட்டீஸ் அனுப்பினார். பிறகு நுகர்வோர் ஆணையத்துக்கு மனு தயாரித்தார். இதற்குள் இரண்டு மாதத்துக்கு மேல் ஓடிவிட்டது. அவர் மதியச் சாப்பாட்டைப் பாதியில் மூடிவைப்பதை நான் தினமும் பார்த்துக்கொண்டிருந்தேன். பொறுப்பேற்றபின் சொல்லலாம் என்றிருந்தவன், சட்டை வந்தபின் சொல்லலாம் என்றானேன். ஒவ்வொரு நாளும் சொல்வது முந்திய நாளைவிடக் கஷ்டமாகிக்கொண்டே போனது.

ஒரு மாலை வீட்டுக்குக் கூப்பிட்டார். மேசையில் என் பெயரில் தட்டச்சு செய்த பிரமாண வாக்குமூலம் இருந்தது. இன்ன நாளில், இன்ன இடத்தில், மனுதாரரின் அளவுகளை நானே எடுத்தேன், அவை உண்மையானவை, சரியானவை. பேனாவைத் திறந்து கொடுத்தார்.

நான் கையெழுத்துப் போடவில்லை. "ஏழுமலை, அன்னிக்கு முப்பத்தாறு இல்ல" என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "எவ்ளோ இருந்துச்சு?"

"முப்பத்தி மூணு."

"கழுத்து?"

"பதிமூணரை."

இரண்டையும் அந்தக் காகிதத்தின் ஓரத்தில் எழுதினார். மல்லிகா காபியோடு கதவருகே நின்றுகொண்டிருந்ததை அப்போதுதான் கவனித்தேன். டம்ளர்களை அலமாரித் தட்டிலேயே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். ஏழுமலை திட்டவில்லை. ஏன் என்றும் கேட்கவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு, "நீ போய்யா" என்றார்.

மறுநாள் அவர் செய்த முதல் வேலை அந்த நிறுவனத்துக்குக் கடிதம் எழுதியது. நோட்டீஸைத் திரும்பப் பெறுகிறேன், உங்கள் தையலில் குறையில்லை, அளவில் நேர்ந்த பிழை எங்களுடையது, வருந்துகிறேன். அதன் நகலை எனக்கும் அனுப்பினார். என் பெயர் அதில் இல்லை. எங்களுடையது என்று மட்டும் இருந்தது. இரண்டாவது வேலையாக மருத்துவரிடம் போனார்.

கணையத்தில் புற்றுநோய். ஈரலுக்கும் பரவியிருந்தது. வெளியூர் மருத்துவமனைக்கு நான்தான் காரில் அழைத்துப் போனேன். அங்கே டாக்டரிடம் தனியாகக் கேட்டேன், இரண்டு மாதம் முன்னால் வந்திருந்தால் என்று. இருந்திருக்கலாம், இல்லாமலும் போயிருக்கலாம், யாராலும் சொல்ல முடியாது என்றார். அந்தப் பதிலில் எந்தப் பக்கமும் சாய எனக்கு இடமில்லை. திரும்பி வரும் வழியெல்லாம் ஏழுமலை ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு வந்தார்.

பிறகு பதினைந்து நாள் என்னோடு பேசவில்லை. ஒரு காலையில் அவரே அழைத்தார். நாடா எடுத்துட்டு வா என்றார்.

போனேன். கட்டில் ஓரத்தில் எழுந்து நின்றார். என் தோளில் ஒரு கை வைத்துக்கொண்டார். மல்லிகா அந்த அறையிலேயே இருந்தார். அவரே இருக்கச் சொல்லியிருந்தார். ஒவ்வொரு அளவையும் படித்தேன். மார்பு முப்பத்தொன்று. கழுத்து பன்னிரண்டரை. அவர் நிரப்பி அனுப்பிய சற்று நேரத்தில் நிறுவனத்தின் அதே பெண் கூப்பிட்டாள். போன தடவைக்கும் இதற்கும் ரொம்ப வித்தியாசம் இருக்கிறதே சார், ஒருமுறை சரிபார்க்கிறீர்களா என்று கேட்டாள்.

"இல்லம்மா, இந்த வாட்டி சரியாப் பாத்துட்டோம்" என்றார்.

ஒரே ஒரு சட்டை. அதை அணிந்துகொண்டுதான் கட்டுகளை ஒப்படைக்க நீதிமன்றத்துக்கு வந்தார். அன்று உங்களில் பலர் அவரிடம், பரவாயில்லையே, தேறிட்டீங்களே என்று சொன்னீர்கள். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். சட்டை பொருந்தியிருந்தது, அவ்வளவுதான். அரை மணி நேரம் நின்றே எல்லோரோடும் பேசினார். காரில் ஏறியதும் கண்ணை மூடிக்கொண்டார். அதற்குப் பிறகு ஐந்து வாரம்.

என்னை அவர் மன்னித்தாரா என்று எனக்குத் தெரியாது. அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மல்லிகா என்னிடம் குறைவாகத்தான் பேசுகிறார். அதில் ஒரு நியாயம் இருக்கிறது.

நம் சங்கத்தில் ஒருவர் இருக்கிறார். பெயர் வேண்டாம். இரண்டு மாதமாக அவருடைய கோட்டுத் தோள்கள் இறங்கியிருக்கின்றன. கண்ணில் மஞ்சள் தெரிகிறது. ஏழுமலையின் பதினாறாம் நாள் முடிந்த மறுநாள் அவரைக் கேன்டீனில் பார்த்து, நீங்கள் மிகவும் இளைத்திருக்கிறீர்கள், இன்றே டாக்டரைப் பாருங்கள் என்று சொன்னேன். உனக்கு எதுக்குய்யா இந்த வேலை என்றார். அடுத்த நாளும் சொன்னேன். நான்கு பேர் முன்னால் என்னைச் சத்தம் போட்டார். இப்போது நான் நூலகத்துக்குள் நுழைந்தால் எழுந்து போய்விடுகிறார்.

ஏழுமலையிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது இதைத்தான்: எதிரே இருப்பவர் முகம் கறுக்கும் என்று தெரிந்தும் கண்டதைச் சொல்லிவிடுவது. அதற்காகக் கிடைக்கும் கோபத்தையும் சேர்த்துத்தான் வைத்துக்கொண்டிருக்கிறேன். அந்த நண்பர் இதைப் படிப்பார். என்னோடு பேச வேண்டாம். டாக்டரிடம் போய்விட்டு வந்து பேசாமல் இருக்கட்டும்.